கொடுப்பனவு மறுக்கப்பட்டால் எந்தக் கதவைத் தட்டுவது?

என் ஒன்றுவிட்ட அண்ணா மேசன் வேலை செய்தவர். 2022ஆம் ஆண்டின் கடைசியில் சாரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டில் அடிபட்ட பின்னர், ஊன்றுகோலின் துணையோடு முற்றத்தைக் கடந்து கிணற்றடிவரை போவார். அதற்கு மேல் முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்கு அவர் கொடுத்த விண்ணப்பம் சரிவரவில்லை என்று ஒரு நாள் வாய்ப்பேச்சாகச் சொல்லப்பட்டபோது, வீட்டில் ஆளுக்கொரு யோசனை பிறந்தது. நீதிமன்றத்தடியில் உள்ள சட்டத்தரணி ஒருவரைப் பிடிக்க வேண்டும் என்றார் அண்ணி. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் தனக்கு ஆள் தெரியும் என்றார் அண்ணியின் தம்பி. பெரியம்மா, விதானையாரிடம், அதாவது கிராம சேவையாளரிடம், இன்னொரு முறை கேட்டுப் பார்க்கச் சொன்னார். நான் மனித உரிமைகள் ஆணைக்குழு என்றேன். நால்வர் சொன்னதிலும் முழுப் பிழை எதுவும் இல்லை; எதை முதலில் செய்வது, எந்தப் பணத்துக்கு எந்த வழி என்பதுதான் எங்கள் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இரண்டு வருட அலைச்சலில் அதைப் பற்றி நான் அறிந்துகொண்டவற்றை, யாழ்ப்பாணத்திலிருந்து இதே முடிவை எடுக்க வேண்டியவர்களுக்காக இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது யாருடைய பணம் என்பதாகும். நாங்கள் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் ‘உதவிப்பணம்’ என்றும், பழையவர்கள் மனம் கூசாமல் ‘பிச்சைச் சம்பளம்’ என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். சட்டத்தின் கண்ணில் அவை வெவ்வேறானவை. மத்திய அரசின் கொடுப்பனவு 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசும உதவித் திட்டத்தோடு சேர்க்கப்பட்டு, 2024இல் மாதம் 7,500 ரூபாயாகவும், 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. மாகாண சமூக சேவைகள் திணைக்களம் கொடுக்கும் உதவி வேறு. அரசியலமைப்பின் மாகாண சபைப் பட்டியலில் வலுவிழந்தோருக்கான நிவாரணம் வெளிப்படையாகவே இடம்பெறுகிறது. வேலைத்தளத்தில் காயப்பட்டவர் முதலாளியிடமிருந்து பெற வேண்டியது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழான நட்டஈடு. நிரந்தரமாக வேலை செய்ய இயலாமற் போனவர் ஓய்வு வயதுவரை காத்திராமல் ஊழியர் சேமலாப நிதியத்தை மீளப் பெறலாம். போரில் காயப்பட்டோரின் கோரிக்கைகள் 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இழப்பீடுகளுக்கான அலுவலகத்துக்கு உரியவை. அண்ணாவுக்கு இவற்றில் மூன்று பொருந்தின. நாங்களோ ஒன்றை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது கேள்வி, விண்ணப்பம் மறுக்கப்பட்டதா, அல்லது காத்திருப்போர் பட்டியலில் கிடக்கிறதா என்பது. ‘சரிவரவில்லை’ என்ற சொல் இரண்டையும் குறிக்கும். நிதி ஒதுக்கீடு வரவில்லை என்பதற்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு எந்தச் சட்டத்தரணியும் பெரிதாக எதையும் செய்துவிட முடியாது. அவர் தன் பெயர் பட்டியலில் எத்தனையாவதாக இருக்கிறது, தனக்குப் பின்னர் விண்ணப்பித்தவர் எவருக்காவது முன்னதாகக் கிடைத்ததா என்று அறிந்து வைப்பதே பயனுள்ளது. மறுக்கப்பட்டவருக்கோ, மறுப்பும் அதன் காரணமும் எழுத்தில் வேண்டும். எழுத்தில் இல்லாத மறுப்பை எதிர்த்து மேன்முறையீடு எழுதுவது இருட்டில் கல்லெறிவதற்குச் சமம். எங்கள் பிரதேச செயலகத்தில் மூன்று தடவை கேட்டும், ‘கடிதம் மேலிருந்து வரும்’ என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் சட்டத்தரணி இல்லாமலே பயன்படுத்தக்கூடிய சட்டம் ஒன்று உதவிக்கு வந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பத்திரிகையாளர்களுக்கான சட்டம் என்றே நான் எண்ணியிருந்தேன். அதன் 35ஆம் பிரிவு, ஒரு தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் கேட்டால், அதற்கான காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டிய கடமையை அந்தத் தீர்மானத்தோடு தொடர்புடைய உத்தியோகத்தர் மீது சுமத்துகிறது. தகவல் கோரிக்கைக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லப்பட வேண்டும். மறுத்தால் அந்த நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலருக்கு 14 நாட்களுக்குள்ளும், அதன் பின்னர் கொழும்பில் உள்ள ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதங்களுக்குள்ளும் முறையிடலாம். எழுத முடியாதவர் வாயாற் சொன்னால், அதை எழுத்தில் பதிந்துகொள்வது அலுவலரின் பொறுப்பு. பார்வை இல்லாதவருக்கும் கை நடுங்குபவருக்கும் இது சிறிய சலுகையன்று. நாங்கள் ஒரு பக்கத்தில், தமிழில், இரண்டே கேள்விகள் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான துண்டையும் வாங்கி வந்தோம். மூன்றாவது வாரம் பதில் வந்தது. மருத்துவச் சான்றிதழில் இயலாமையின் தன்மை என்ற இடத்தில் ‘தற்காலிகம்’ என்று இருந்தது என்பதே காரணம்.

அண்ணா விழுந்து மூன்றாம் மாதத்தில் எடுத்த சான்றிதழ் அது. மருத்துவர் பிழையாக எழுதவில்லை. அன்றைய நிலைமைக்கு அது சரி. படிவத்தில் இயலாமையை விவரிக்க விடப்பட்டிருந்த இடம் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, அதற்குள் ஆங்கிலத்தில் ஒரு நோயின் பெயரும், பக்கத்தில் அந்த ஒற்றைச் சொல்லும் இருந்தன. நோயின் பெயர் கொடுப்பனவைத் தீர்மானிப்பதில்லை. அந்த நோயால் என்ன செய்ய முடியாமற் போனது என்பதுதான் கோப்பைப் பார்ப்பவருக்கு வேண்டியது. ஆகவே அடுத்த கிளினிக்குக்குப் போகும் முன்னர், அண்ணி ஒரு கொப்பித்தாளில் எழுதிக்கொண்டார்: பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க இயலாது, சிறுநீர் கழிக்கக் குழாய் வேண்டும், பஸ்ஸின் படியில் ஏற இரண்டு பேர் தூக்க வேண்டும், இரவில் புரட்டிவிட ஆள் வேண்டும். கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் காட், எக்ஸ்ரே உறை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, அந்தத் தாளையும் மேலே வைத்துக் கொடுத்தபோது, மருத்துவர் அதை வாசித்துப் பார்த்து, நிரந்தர இயலாமை என்றும், அன்றாட அலுவல்களுக்குப் பிறர் உதவி தேவை என்றும் தனிக் கடிதமாகவே எழுதித் தந்தார். ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சட்டத்தரணி ஒருவரை அமர்த்தியிருந்தாலும், அவரும் எங்களை இந்தக் கடிதத்துக்குத்தான் அனுப்பியிருப்பார்.

ஆயினும் எல்லாருடைய சிக்கலும் ஒரு சொல்லால் வந்ததாக இருப்பதில்லை. அப்போது ஆளைத் தேட வேண்டும். யாழ்ப்பாணத்தில் உள்ளவருக்கு உண்மையான தெரிவு பெரும்பாலும் இரண்டுக்கிடையில்தான்: சட்ட உதவி ஆணைக்குழு, அல்லது தனியார் சட்டத்தரணி.

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் உண்டு. ஆலோசனை இலவசம். நீதிமன்றில் தோன்றுவதற்கு வருமானத்தைப் பார்ப்பார்கள். கொடுப்பனவுக்குத் தகுதியாக இருக்கும் குடும்பம் அந்த எல்லைக்குள் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பதால், கிராம சேவையாளரின் வருமான உறுதிப்படுத்தலை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போனால் ஒரு பயணம் மிச்சம். இங்குள்ள சட்டத்தரணிகள் நாளாந்தம் தாபரிப்பு, குடும்ப வன்முறை, காணி, பிறப்புப் பதிவு என்று எளிய மக்களின் சிக்கல்களையே பார்ப்பவர்கள். பிரதேச செயலகத்துக்கு எந்தப் பதவிப்பெயருக்கு எழுத வேண்டும், எந்தக் கடிதத்தின் பிரதியை யாருக்கு அனுப்பினால் அசைவு ஏற்படும் என்ற நடைமுறை அறிவு அவர்களிடம் இருக்கிறது. குறை என்னவென்றால், கூட்டம். காலையில் போனால் மதியமாகலாம். நீண்ட நேரம் உட்கார முடியாதவரை அழைத்துப் போவதைவிட, அவர் ஒப்பமிட்ட அதிகாரக் கடிதத்தோடு வீட்டார் ஒருவர் முதலில் போய் நாள் குறித்து வருவது நல்லது. மேலும், அடுத்த தவணையில் வேறொரு சட்டத்தரணி உங்கள் கோப்பை எடுக்கக்கூடும். கதையை மீண்டும் முதலிலிருந்து சொல்ல ஆயத்தமாக, திகதிவாரியாக ஒரு பக்கச் சுருக்கம் கையில் வைத்திருங்கள்.

தனியார் சட்டத்தரணியின் பலம், அவர் உங்களுடையவர் என்பதே. வேகமாக எழுதுவார், தொலைபேசியில் பிடிக்கலாம், ஒரே ஆள் கடைசிவரை நிற்பார். எங்கள் ஊரில் சட்டத்தரணிகள், வழக்காடும் அப்புக்காத்து, வழக்குத் தாள்களை ஆயத்தம் செய்யும் பிரக்கிராசி என்று இரண்டு வகுப்பாக இருந்த காலம் 1970களோடு முடிந்துவிட்டாலும், பெரிய அப்புக்காத்தைப் பிடித்தால் வழக்கு வென்றதற்குச் சமம் என்ற நம்பிக்கை மட்டும் இன்னும் போகவில்லை. குற்றவியல் வழக்கில் பெயர் எடுத்த ஒருவருக்கு நலன்புரிச் சட்டத்தின் மேன்முறையீட்டு ஒழுங்கு தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. ஆகையால் கட்டணத்தைக் கேட்கும் முன்னர், இதே வகைக் கோரிக்கையை இதற்கு முன் செய்திருக்கிறாரா என்று கேட்க வேண்டும். பின்னர், கடிதம் எழுதுவதற்கு எவ்வளவு, தவணைக்கு எவ்வளவு, கொழும்பு போக நேர்ந்தால் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டு, பற்றுச்சீட்டோடு கொடுக்க வேண்டும். மாதம் பத்தாயிரம் ரூபாய் வரப்போகும் கோரிக்கைக்கு, பல மாதக் கொடுப்பனவை முன்பணமாகக் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பலருடைய அலுவலறை மாடியில் இருக்கிறது என்பது இன்னொன்று. பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன. ஆனாலும் மாற்றுத்திறனாளியின் வழக்கைப் பேச அவரையே மூன்றாம் மாடிக்குத் தூக்கிச் செல்லும் காட்சியை நான் கண்டிருக்கிறேன். கீழே இறங்கி வந்து ஓட்டோவுக்குள் இருந்தபடியே பேசிய சட்டத்தரணியையும் கண்டேன். அவரைத்தான் நாங்கள் தெரிந்தெடுத்தோம்.

எதற்குத் தெரிந்தெடுத்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். கொடுப்பனவுக்கு அல்ல, நட்டஈட்டுக்கு. ஒப்பந்தகாரர், அண்ணா நாட்சம்பளக்காரர் என்றும், அவருக்கு எதுவும் கிடையாது என்றும் சொல்லி, ஒரு சிறு தொகையை நீட்டி ஒப்பமிடச் சொன்னார். வேலையாளின் நட்டஈடு தொடர்பான சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, உச்சத் தொகை 5,50,000 ரூபாயிலிருந்து 20 இலட்சமாக உயர்ந்ததும், வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் அதற்குள் வந்ததும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், தெரிந்தும் இருந்திருக்கலாம். இங்கே எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறார், அவருக்கு மறுக்க ஆதாயம் இருக்கிறது, சாட்சி வேண்டும், சம்பளம் எவ்வளவு என்று நிறுவ வேண்டும், தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் முன்னிலையில் வாதிட வேண்டும். தனியார் சட்டத்தரணிக்கான செலவு நியாயமாகும் இடம் இதுதான். பணம் இல்லாதவர் இதற்கும் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். எவரை நாடினாலும், அதற்கு முன்னர் எந்தத் தாளிலும் ஒப்பமிடாதிருப்பது முக்கியம்.

நான் முதலில் சொன்ன மனித உரிமைகள் ஆணைக்குழுவை ஒருவர் எப்போது தேட வேண்டும்? அதற்கும் யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம், 1996 என்ற இலக்கத்தில் தொலைபேசியிலும் பிடிக்கலாம். ஒரே நிலையில் உள்ள இருவரில் ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுத்திருந்தால், அல்லது கட்சி, சாதி, மதம் பார்த்து ஒதுக்கியிருந்தால், அது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையோடு மோதும் விடயம். அப்போது இது பொருத்தமான கதவு. சான்றிதழில் ஒரு சொல் பிழைத்ததற்கு இந்தக் கதவைத் தட்டுவது வீண் நாள்போக்கு. ஆணைக்குழு அலுவலரை அழைத்து விசாரிக்கலாம், இணக்கத்துக்குக் கொண்டுவரலாம், பரிந்துரைக்கலாம். கட்டளையிட்டுப் பணத்தை வாங்கித் தர இயலாது. ஆனால் அழைத்து விசாரித்த அளவிலேயே அசையாத கோப்புகள் அசைந்ததுண்டு.

இந்த வழியில் கவனிக்க வேண்டியது காலம். அடிப்படை உரிமை மீறலுக்காக 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போக விரும்புபவர், மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். எங்களைப் போலப் பிரதேச செயலகத்துக்கும் வீட்டுக்குமாக நடப்பவருக்கு ஒரு மாதம் என்பது இரண்டு கிளினிக் நாட்களுக்கிடையில் போய்விடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகிறது. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு அந்தத் துண்டோடு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. உண்மையில் விசாரணை நடக்கிறது என்று காட்ட வேண்டியிருக்கும். எனவே, பாகுபாடு நடந்திருக்கிறது என்று நம்புபவர் மட்டும், நான் இங்கே சொல்லும் ஒழுங்கை மாற்றி, முதல் வாரத்திலேயே ஆணைக்குழுவுக்கும் சட்ட உதவி நிலையத்துக்கும் ஒருமித்துப் போவது பாதுகாப்பானது.

நீதிமன்றம் என்று வந்தால், முன்னர் கேட்ட முதற் கேள்வி மீண்டும் தலைகாட்டும். மாகாணத் திணைக்களத்தின் தீர்மானத்தை எதிர்த்து ரிட் மனுவை மாகாண மேல் நீதிமன்றத்தில், அதாவது யாழ்ப்பாணத்திலேயே, கொண்டுபோக வழி இருக்கிறது. மாகாண சபைப் பட்டியலில் உள்ள விடயங்களுக்கு அந்த அதிகாரத்தை 13ஆவது திருத்தம் கொடுத்தது. மத்திய அரசின் கொடுப்பனவு என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றம், கொழும்பு புதுக்கடை, ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் உட்கார்ந்து போக முடியாத ஒருவருக்கு இந்தத் தூரம் சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு தடை. மனுதாரர் ஒவ்வொரு தவணைக்கும் நேரில் நிற்க வேண்டியதில்லை, சத்தியக் கடதாசியை இங்கேயே சமாதான நீதவான் முன்னிலையில் முடிக்கலாம் என்றாலும், கொழும்புச் சட்டத்தரணியின் செலவு வேறு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் மேல் நீதிமன்றத்துக்கு ஒரு வழியைத் திறக்கிறது. ஆனால் அது வேலைக்குச் சேர்த்தல், கல்வி அனுமதி, பொது இடங்களின் பாவனை ஆகியவற்றில் காட்டப்படும் பாகுபாட்டுக்கானது. அந்தச் சட்டத்தின் பெயரைப் பார்த்து, கொடுப்பனவுக்கும் அதுவே ஆயுதம் என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. நான் அவர்களில் ஒருவன்.

பாராளுமன்ற உறுப்பினரின் கடிதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காத்திருப்போர் பட்டியல் நீளுகிறது என்பதை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் எழுப்ப அவர் பயன்படுவார். தனியொருவரின் மறுப்பை அவர் கடிதம் மாற்றினால், அதே கடிதம் நாளை இன்னொருவரைப் பட்டியலில் கீழே தள்ளும். அண்ணியின் தம்பி இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பாராளுமன்றத்தின் நிர்வாக ஆணையாளர் எனப்படும் ஒம்புட்ஸ்மனுக்கு எழுதுவது செலவில்லாத வழி, அவசரமில்லாதவருக்கு. கொழும்புக்கு எழுதிய எந்தக் கடிதத்துக்கும் பதில் சிங்களத்தில் மட்டும் வந்தால், தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது என்பதை நினைவூட்டி, அதைத் திருப்பி அனுப்புங்கள். மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் கொடுக்க ஓடாதீர்கள்.

மாற்றுத்திறனாளிகளின் சங்கங்கள் சட்ட உதவி கொடுப்பவை அல்ல என்று நான் அவற்றை ஒதுக்கியே வைத்திருந்தேன். ஆனால் அங்கே செயற்கைக் கால் திருத்தவும் சக்கர நாற்காலிக்கும் வந்து காத்திருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டால், எந்தப் படிவம் மாறிவிட்டது, எந்த நாளில் எந்த மருத்துவர் சான்றிதழ் எழுதுகிறார், மேன்முறையீட்டுக் காலம் எப்போது திறக்கிறது என்பவை எந்த அலுவலகத்தின் அறிவித்தற் பலகையிலும் இல்லாத துல்லியத்தோடு கிடைக்கும். புத்திசுயாதீனமற்ற பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கப் போய்ச் சிக்கிய ஒரு தாய்க்கு, மாவட்ட நீதிமன்றத்தில் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கக் கேட்கலாம் என்று முதலில் சொல்லிக் கொடுத்தது அங்கே பக்கத்தில் இருந்த இன்னொரு தாய்தான். பின்னர் அதைச் செய்து கொடுத்தது சட்ட உதவி நிலையம்.

அண்ணாவின் புதிய மருத்துவக் கடிதத்தோடு மேன்முறையீட்டை நாங்களே ஒன்றரைப் பக்கத்தில் எழுதினோம். அனுப்ப முன்னர் சட்ட உதவி நிலையத்தில் காட்டியபோது, அங்கிருந்த இளம் சட்டத்தரணி எங்கள் கண்ணீர்ப் பந்திகள் இரண்டை வெட்டி, முதல் விண்ணப்பத்தின் திகதியையும் மறுப்பின் காரணத்தைச் சொன்ன பதில் கடிதத்தின் இலக்கத்தையும் தலைப்பில் ஏற்றச் சொன்னார். பதிவுத் தபாலில் போட்ட பற்றுச்சீட்டை அண்ணி கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் ஒட்டி வைத்தார். நாலாம் மாதம் கணக்கில் பணம் விழுந்தது. நட்டஈட்டு விசாரணைக்கு அடுத்த தவணை வைகாசியில். அண்ணாவோடு சாரத்தில் நின்ற மற்ற மேசன் சாட்சி சொல்ல வருவதாகச் சொல்லியிருக்கிறார்.